ஐந்தாம் லயம், ஆறாம் காம்பராவுக்கு ஒரு சீசன்

போன மாதம் ஓய்வூதியக் கடிதம் ஒன்றில் கையொப்பம் வாங்க, முன்பு வேலை செய்த பஸ் டிப்போவுக்குப் போயிருந்தேன். சீசன் பிரிவில் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி என் பெயரைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டாள். “சேர், ஒரு சீசன் டிக்கட்டுக்காக நீங்க ரிவர்ஸ்டன் பக்கம் மலையேறிப் போனீங்களாமே, உண்மையாவா?” என்று கேட்டாள். உண்மைதான், ஆனால் முன்னால் ஏறினது நான் இல்லை என்று தொடங்கினேன். அரை மணி நேரம் பேசினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள். ஏச்சு வாங்காமல் இதைச் சொல்ல வேண்டுமானால் எழுதுவதுதான் வழி.

நான் அவசரக்காரன். பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்குகிற ஆள். எஸ்.எஸ்.சி. பாஸான கையோடு இலிகிதர் வேலை, அதாவது எழுத்தர் வேலை, கிடைத்தது. மூன்று மாதம் கண்டியில் பயிற்சி. அதில் எனக்கு ஞாபகம் இருப்பது, முத்திரை மை விரலில் ஒட்டினால் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும் என்பது ஒன்றுதான். பிறகு மாத்தளை டிப்போவில் சீசன் கவுண்டர்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பஸ்களை அரசாங்கம் எடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாதச் சீட்டுக்குச் சட்டத்தில் பெயர் ‘பருவகாலச் சீட்டு’. யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சீசன்தான். உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை. இடது பக்கம் படம். வலது பக்கம் பெயர், வதிவிடம், ஏறும் இடம், இறங்கும் இடம். அதை எடுக்கிற வழியைச் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். படிவம் வாங்க ஒரு நாள் வர வேண்டும். வேலை செய்கிற இடத்தில் ஒரு கையொப்பம். வதிவிடத்துக்குக் கிராம சேவகரின் அத்தாட்சி. இரண்டு படம், ஸ்டூடியோ இருப்பது மாத்தளை டவுனில். எல்லாவற்றையும் கொடுக்க மறுபடி ஒரு நாள். அது கண்டிக்குப் போய்த் திரும்பிய பிறகு அட்டையை வாங்க இன்னொரு நாள். கவுண்டர் திறந்திருப்பதோ காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. சீசன் தேவைப்படுகிற அத்தனை பேரும் வேலைத்தலத்தில் இருக்கிற நேரம் பார்த்துத் திறந்து, அவர்கள் வெளியே வரும் முன் மூடிவிடுவோம்.

உக்குவளையிலிருந்து வருகிற ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்: “தம்பி, சொர்க்கத்துக்கு சீசன் குடுக்கிறதா இருந்தாலும் உங்க கந்தோர்ல ஒருத்தனும் எடுக்கமாட்டான். செத்துப்போறதே லேசு.”

எங்கள் அலுவலகத்தை அப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றே எங்கள் பிரதம இலிகிதர் ஹேரத் மாத்தயாவிடம் போனேன்.

அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். உக்குவளைக்காரர், சிங்களவர்; ‘மாத்தயா’ என்றால் அவர்கள் பேச்சில் ஐயா. தமிழ் வீடுகளுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் நடுவில் வளர்ந்தவர்; நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அவர் மேசைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அது விண்ணப்பக்காரருக்கு. விண்ணப்பக்காரர் உட்கார்ந்த பிறகு மாத்தயா எழுந்து நிற்பார். படிவத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பெயர் தொடங்கிக் கடைசி வரி வரை உரக்க வாசிப்பார். “சரியா? இதுதானே நீங்கள்?” என்று கேட்பார். ஆமாம் என்று சொன்னால்தான் கையொப்பம். முத்திரை குத்துவதில் இன்னொரு பிடிவாதம். பாதி படத்திலும் பாதி அட்டையிலும் விழ வேண்டும் என்பது விதி. மாத்தயாவின் விதி, அது தோளில் விழ வேண்டும், முகத்தில் மை படக்கூடாது. என் கையால் ஒருமுறை ஒருவருடைய மூக்கில் விழுந்துவிட்டது. அந்த அட்டையைக் கிழித்து, புதிதாக எழுதவைத்து, அந்த மனிதரிடம் மன்னிப்பும் கேட்க வைத்தார்.

“மாத்தயா, கவுண்டரை விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் வைத்தால் என்ன?” என்றேன்.

“ஏன்?”

“அப்போதுதான் ஆட்கள் வருவார்கள்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியும் என்றால் என்ன சொல்வது? தெரியும், அவ்வளவுதான். மாத்தயா தலையைக் குனிந்து பென்சில் சீவத் தொடங்கினார். மறுநாளிலிருந்து ஒரு வாரம் என்னை விடிய ஐந்தரைக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்தார். எந்த பஸ்ஸில் யார் வந்து இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் நடக்கிறார்கள், எத்தனை பேர் தினமும் அதே முகங்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கொடுத்தேன். வாசித்தார். அடுத்த மாதம் முதலாம் திகதி பஸ் ஸ்டாண்டுத் தூணடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான். மாத்தயா கண்டியில் பேசி ஒழுங்கு செய்திருந்ததால் படிவமும் அங்கேயே, அட்டையும் அங்கேயே.

அந்த முதல் காலையை எப்படிச் சொல்வேன்! ரத்தோட்டை பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் மேசையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், நம்பாமல் நடந்தார்கள், திரும்பி வந்தார்கள். கண்டக்டர் நஸீர் நானா ஃபுட்போர்டில் நின்றபடியே கத்தினார்: “வாங்க வாங்க! கந்தோர் எழும்பி நடந்து வந்திருக்கு! திரும்பிப் போகு முந்திப் புடிச்சுக்கங்க!”

அப்படி வந்தவள்தான் தெய்வானை.

ரத்தோட்டைக்கு அப்பால், ரிவர்ஸ்டன் போகிற வழியில் பன்னிரண்டாம் மைல் கட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். பத்தொன்பது இருபது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, மாத்தளையில் ஒரு நெசவு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் பஸ்ஸுக்குக் கொடுத்தால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சீசன் கிடைத்தால் வேலை. இல்லையென்றால் கொழுந்துக் கூடை. அவள் அம்மா மாத முடிவு வரைக்கும் தவணை கொடுத்திருந்தாள்.

படிவத்தில் எல்லாம் இருந்தது. வதிவிட அத்தாட்சி மட்டும் காலியாக இருந்தது.

“கிராம சேவகர்கிட்ட போனேங்க. தோட்டத்து ஆளுங்க அவருக்குள்ள இல்லையாம், தொரை கந்தோர்ல கேளுன்னாரு. கந்தோர்ல கிளாக்கரய்யாகிட்ட கேட்டேன். நீ செக்ரோல்ல இல்ல, எங்க ஆளு இல்ல, கிராம சேவகர்கிட்ட போன்னாரு.”

“எத்தனை தடவை போனீங்க?”

“அவருகிட்ட மூணு, இவருகிட்ட நாலு. காலு தேய்ஞ்சதுதான் மிச்சம். நான் எங்க குடியிருக்கேன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சிங்க” என்று சிரித்தாள்.

தோட்டக் கந்தோரின் பெயர்ப்பட்டியல்தான் செக்ரோல். அங்கே வேலை செய்யாதவள் அதில் இல்லை. கிராமத்துப் பட்டியலில் தோட்டத்து ஆட்கள் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே இருப்பவள் எந்தத் தாளிலும் எங்கேயும் இல்லை.

இங்கேதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். மாத்தயா அந்த வாரம் வீட்டில் பிக்குகளுக்குத் தானம் கொடுக்க என்று இரண்டு நாள் லீவு. கையொப்பம் வைக்கிற பொறுப்பு என்னிடம். வதிவிடம் என்ற கட்டத்தில் என் வீட்டு விலாசத்தை எழுதினேன். திருகோணமலை வீதி, எங்கள் கதவிலக்கம். எங்கள் பகுதிக் கிராம சேவகர் அப்பாவுக்குப் பழக்கம். வீட்டில் தங்கியிருக்கும் சொந்தக்காரப் பெண் என்று சொல்லிக் கையொப்பம் வாங்கினேன். அட்டையை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். தோளில்தான் விழுந்தது. அவ்வளவு கவனம்! ஏறும் இடம் பன்னிரண்டாம் கட்டை, இறங்கும் இடம் மாத்தளை, வதிவிடம் மாத்தளை டவுன். இந்த மூன்றும் ஒரே அட்டையில் அடுத்தடுத்து இருப்பது என் கண்ணுக்குப் படவே இல்லை.

பஸ்ஸில் ஏறிச் சீட்டுப் பார்க்கிற செக்கரின் கண்ணுக்குப் பட்டது.

ஒரு நாள் காலை நஸீர் நானா பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் மேசைக்கு வந்தார். “தம்பி, அந்த நெசவுப் புள்ளைய செக்கர் ரத்தோட்டையில எறக்கிட்டாரு. டவுன்ல குடியிருக்கிறவளுக்கு விடியக்காலையில பன்னிரண்டாம் கட்டையில என்ன வேலைன்னு கேட்டாரு. அது ஒண்ணும் பேசல்ல. அட்டையப் பறிச்சிட்டாரு. பொலிஸுக்குப் போகும்போல இருக்கு.”

சனிக்கிழமை விசாரணை. அறிக்கை திங்களன்று கண்டிக்குப் போக வேண்டும். மாத்தயாவின் அறையில் செக்கர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாற்காலியில் தெய்வானை. மாத்தயா நின்றுகொண்டு அட்டையை வாசித்தார்.

“இந்த விலாசத்தை யார் எழுதச் சொன்னது?”

“நான்தாங்க.”

“இது யாருடைய வீடு?”

“தெரியாதுங்க.”

“அந்த வீதிக்குப் போயிருக்கிறீர்களா?”

“இல்லைங்க.”

“போகாத வீதி, தெரியாத வீடு. இலக்கம் மட்டும் எப்படித் தெரிந்தது?”

அவள் தலையைக் குனிந்தாள். “மனசுல வந்திச்சிங்க.”

செக்கர் சிரித்துவிட்டார். அவளுக்கு என்னைத் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று நாலு தடவை பேசியிருக்கிறாள், அவ்வளவுதான். பொய்ச் சீட்டு வைத்திருந்ததாக வழக்குப் போட்டால் வேலை போகும், பேர் போகும். அது தெரிந்தும் என் பெயரைச் சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“அது என் வீட்டு விலாசம்” என்றேன். செக்கர் என் பக்கம் திரும்பினார். இன்னொரு தடவை சொன்னேன்.

“தெரியும்” என்றார் மாத்தயா. “சம்பளப் பட்டியலில் உன் விலாசத்தை நான்தான் எழுதுகிறேன். நீயாகச் சொல்வாயா என்று பார்த்தேன்.”

செக்கர் வெளியே போனதும் நான் அவளிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“உங்கள வேலையவிட்டுத் தூக்கிட்டா அந்த மேசையயும் தூக்கிருவாங்கல்ல? எங்க பக்கமிருந்து இன்னும் நாலு புள்ளைங்க வேலைக்கு வர இருக்காங்க. அவங்க எங்க போய் எடுப்பாங்க?”

இந்தப் பதில் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தூக்கிய அந்தக் கை, அன்றைக்குத் தூக்க முடியாமல் தொங்கியது.

மாத்தயா எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். மூன்று மாதம் முத்திரையைத் தொடக்கூடாது. பிறகு அறிக்கைத் தாளை எடுத்தார். “இந்த அட்டையில் உள்ள வதிவிடம் பொய் என்று எழுதிவிடலாம். அடுத்த வரி, உண்மையான வதிவிடம் எது? அது எனக்குத் தெரியாது. செக்கருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாததை எழுத முடியாது.” பென்சிலை எடுத்துச் சீவினார். “நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?”

ஞாயிறு காலை. ரத்தோட்டை தாண்டியதும் மூடுபனி. மாத்தயா வெள்ளைக் கால்சட்டை, கோட், கையில் ஃபைல். பன்னிரண்டாம் கட்டையில் தெய்வானை நின்றாள். அங்கிருந்து ஏற்றம். தேயிலைக்கு நடுவே படி படியாகக் கருங்கல் பாதை. நான் மூச்சு வாங்கினேன். மாத்தயா முன்னால் போய்க்கொண்டிருந்தார். தோட்டத்துக் காவல்காரர் குறுக்கே வந்தார்.

“யாரு? தொரைகிட்ட பெர்மிஷன் இருக்கா?”

“நாங்கள் இந்தப் பிள்ளையின் வீட்டுக்கு விருந்தாளிகள்” என்றார் மாத்தயா.

காவல்காரர் கோட்டைப் பார்த்தார், தெய்வானையைப் பார்த்தார், வழியை விட்டார்.

மேலே ஏழு லயங்கள், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்; ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. தெய்வானையின் அம்மா உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொள்ளச் சீனியும், குவளையில் பாலில்லாத பிளேன்டீயும் கொடுத்தாள். மாத்தயா குடித்துவிட்டு, பேனாவைத் திறந்து, வாசலில் நின்று கேட்டார்: “இது எத்தனையாவது லயம்?”

அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். கடிதம் வந்தால் தோட்டக் கந்தோருக்கு வரும். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். லயத்துக்கு இலக்கம் என்று ஒன்று யாருக்கும் தேவைப்பட்டதே இல்லை.

“மேலயிருந்து எண்ணினா மூணாவதுங்க” என்றார் ஒருவர்.

“யாருப்பா மேலயிருந்து எண்றது? கீழயிருந்துதான் எண்ணணும். அஞ்சாவது.”

“தண்ணிப் பீலி எந்தப் பக்கமோ அதுதான் மொதலாவது.”

“ஆமா, பீலி ஒங்க காம்பராவுக்கு முன்னாடி இருக்கில்ல, அப்புறம் ஏன் சொல்லமாட்ட!”

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏழு லயத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். கை நீட்டி எண்ணினார்கள், சண்டை பிடித்தார்கள், மறுபடி எண்ணினார்கள். மாத்தயா அவசரப்படுத்தவில்லை. பேனா மூடி ஒரு கையில், பேனா ஒரு கையில், அப்படியே நின்றார். கடைசியில் ஒரு கிழவி தீர்ப்புச் சொன்னாள்: “கீழ கோயில்ல மாரியம்மா இருக்கா. அவ பக்கத்திலயிருந்து எண்ணுங்க. அவளுக்கு முந்தி யாரு இங்க வந்து குடியேறினது?” எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கீழேயிருந்து எண்ணினார்கள். ஐந்து. காம்பரா ஆறு.

மாத்தயா எழுதினார். பிறகு, கந்தோரில் செய்வதைப் போலவே, தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து உரக்க வாசித்தார். “தெய்வானை. தகப்பன் பெயர் பெரியசாமி. வதிவிடம், மேல் பிரிவு, ஐந்தாம் லயம், ஆறாம் காம்பரா. சரியா? இதுதானே நீங்கள்?”

“ஆமாங்க” என்றாள் தெய்வானை.

நான் அந்த முகங்களைப் பார்த்தேன். கோயிலில் திரை விலகும்போது நிற்பார்களே, அப்படி நின்றார்கள்.

முதலில் அசைந்தது ஒரு பெரியவர், வேலாயுதம் என்று பெயர். “ஐயா, எனக்கும் ஒண்ணு எழுதுங்க. ரெண்டாம் லயம், மூணாம் காம்பரா.”

“நீங்கள் எங்கே வேலைக்குப் போகிறீர்கள்?”

“வேலையெல்லாம் முடிஞ்சிருச்சிங்க.”

“பஸ்ஸில் போகாதவருக்குச் சீசன் கொடுக்க முடியாது ஐயா.”

“அப்ப பஸ்ஸுல போறேன்.”

“எங்கே?”

“எங்கயாச்சும்! நீங்க எங்க போகச் சொல்றீங்களோ அங்க போறேன்.”

சிரிப்பு எழுந்தது. பெரியவர் சிரிக்கவில்லை. “எனக்கு பஸ்ஸு வேணாங்க. நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு சர்க்கார் தாள்ல எழுதியிருந்தாப் போதும்.”

மாத்தயாவும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“குமாரு, வதிவிடம் உறுதி செய்ய விதியில் என்ன இருக்கிறது? ‘நம்பத்தகுந்த சாட்சிகள்’. எத்தனை பேர் என்று இருக்கிறதா?”

“இல்லை மாத்தயா.”

“புல்ஸ்கேப் தாள் எவ்வளவு இருக்கிறது?”

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். விண்ணப்பக்காரர் முன்னால் அவர் உட்கார்ந்து எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தெய்வானை ஐந்தாம் லயம் ஆறாம் காம்பராவில் வசிக்கிறாள் என்பதற்குச் சாட்சி, வேலாயுதம், இரண்டாம் லயம், மூன்றாம் காம்பரா. கைநாட்டு. அடுத்தவர். அவருடைய பெயர், தகப்பன் பெயர், லயம், காம்பரா. ஒவ்வொன்றையும் எழுதியதும் உரக்க வாசித்தார். “சரியா? இதுதானே நீங்கள்?” ஆண்கள் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு “ஆமாங்க” என்றார்கள். பெண்கள் முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு மைத் தட்டில் வைத்தார்கள். மத்தியானம் ஆனது. பனி போய், வெயில் வந்து, மறுபடி பனி இறங்கியது. தாள் தீர்ந்ததும் பின்பக்கம் எழுதினார். ஏழு லயமும் அந்தப் பெண்ணுக்குச் சாட்சியானது.

திங்களன்று அறிக்கை கண்டிக்குப் போனது, ஒரு சின்ன மூட்டை மாதிரி. மாத்தயா அதை வெறும் நூலால் கட்டவில்லை, அரக்கு வைத்தார். அதைத் திருப்பி அனுப்ப அங்கே யாருக்கும் துணிச்சல் வரவில்லை என்று நினைக்கிறேன். வழக்கு இல்லை, புதிய அட்டை கொடுக்கலாம் என்று பதில் வந்தது. அதோடு இன்னொரு வரி: தோட்டங்களில் வசிப்பவர்களுக்கு, லயமும் காம்பராவும் குறித்து அயலவர் இருவர் சாட்சியிட்டால், எங்கள் டிப்போவில் அதையே வதிவிட அத்தாட்சியாக ஏற்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவரையும் நாங்கள் கிராம சேவகரிடமும் துரை கந்தோருக்கும் அலையவிடவில்லை. அவள் சொன்ன நாலு பிள்ளைகளும் அடுத்த மாதமே எடுத்தார்கள். நான் முத்திரை குத்தவில்லை, தண்டனையில் இருந்தேன். எழுதிக் கொடுத்தேன்.

தெய்வானையின் அட்டை மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை தயாரானது. நெசவு நிலையம் அரை நாள். மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். மாத்தயா தன் கையாலேயே முத்திரை குத்தி வைத்திருந்தார். நான் நீட்டினேன். வாங்கி வாசித்தாள்.

“ஒரு மாசம் முடிஞ்சா இதத் திருப்பிக் குடுக்கணுமாங்க?”

“ஆமா. புதுசு தருவோம்.”

“புதுசுலயும் இதேதானே எழுதுவீங்க?”

“இதேதான்.”

“ஐந்தாம் லயம், ஆறாம் காம்பரா.”

“ஐந்தாம் லயம், ஆறாம் காம்பரா” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ரத்தோட்டை பஸ் வந்து நின்றது. “ஏறுங்க புள்ள, இன்னைக்கு எங்கிட்ட காசு குடுக்கத் தேவையில்லயே!” என்று நஸீர் நானா கூப்பிட்டார். அவளுக்குக் கேட்கவில்லை. மணியடித்துப் பஸ் போனது. அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, மறுபடி முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ்ஸும் வந்தது. அதுவும் போனது.